பொல்பிட்டிய வெயில்

"பொதைக்கிறதா இருந்தா என்னையும் சேத்துப் பொதைச்சிருங்க" என்று பேச்சியம்மா சொன்னதும், வாசல் இஸ்தோப்பில் கூடி நின்ற ஆம்பிளைகள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவள் இவ்வளவு சத்தமாகப் பேசி அந்தத் தோட்ட லயத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

உள்ளே காம்பராவில் அவளுடைய புருஷன் இராமையா கிடந்தார். நேற்றுப் பகல் பீலியடியில் முகம் கழுவக் குனிந்தவர், குனிந்தபடியே சரிந்துவிட்டார். டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்ததுதான் மிச்சம். அறுபத்து நான்கு வயது. நாற்பது வருசம் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலை வெட்டிய கைகளை நெஞ்சின் மேல் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார்கள்.

"நம்ம அம்மா, அப்பா, சித்தப்பா எல்லாரும் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழதான் படுத்துருக்காங்க" என்றார் பழனியாண்டி. இராமையாவின் அண்ணன். "இவன மட்டும் எரிக்கணும்னு எதுக்கும்மா புடிவாதம்?"

"எரிச்சாத்தான் மாமா சாம்பலு. சாம்பலு இருந்தாத்தான் கடலுக்குக் கொண்டுபோக முடியும். அவரு கடலுக்குப் போகணும். நானும் கூடப் போகணும்."

பழனியாண்டி அவளுடைய மகனைப் பார்த்தார். மகன் திலக்ஷன் கொழும்பில் ஒரு ஹார்டுவெயார் கடையில் வேலை. இரவோடு இரவாக வந்து சேர்ந்தவன், கண் சிவந்து சுவரில் சாய்ந்து நின்றான். "அம்மா சொல்றபடி செய்ங்க பெரியப்பா" என்றான், அம்மாவைப் பார்க்காமலே. அப்புறம் யார் என்ன பேசுவது? தேயிலைப் பெக்டரியிலிருந்து காய்ந்த சவுக்கு விறகு கேட்டு வாங்க ஆள் போயிற்று. விறகு சுமக்க முதல் ஆளாகக் கிளம்பினவர் வீரய்யா. இராமையாவோடு ஒரே நாளில் தோட்டத்தில் பேர் பதிந்து, ஒரே கொந்தரப்புக் கூலிக்குக் கவ்வாத்து வெட்டி, ஒரே வருசத்தில் வேலையை விட்டு நின்ற சிநேகிதர். பக்கத்துக் காம்பராக்காரர்.

பேச்சியம்மா உள்ளே போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள். சண்டை போட்டு ஜெயித்தது ஒரு தெம்பாக இருந்தது. "போவோம்ங்க" என்று சொன்னாள், பிணத்தின் காதருகில். மகள் பிரேமினி அதைக் கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

இந்தக் கடல் கதை அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் தொடங்கியது. "எங்க தாத்தா கப்பல விட்டு எறங்குன எடம் தலமன்னாரு" என்று ஒரு மழை நாளில் இராமையா சொன்னார். "அங்க கடலுக்குள்ள ஒரு பாலம் போகுதாம். அதுல நின்னு நாம ரெண்டு பேரும் கடலப் பாப்போம். அதுவரைக்கும் நானும் பாக்க மாட்டேன், நீயும் பாக்கப்படாது." போர்வைக்குள் கிடந்தபடி சும்மா சொன்ன பேச்சுதான். ஆனால் பேச்சியம்மா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு தோட்டத்தில் பிறந்து, பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, காலையும் மாலையும் அதே மலையில் ஏறி இறங்குகிறவளுக்கு இப்படி ஒரு பேச்சு கிடைத்தால் விடுவாளா?

அப்போது நாட்டில் சண்டைக் காலம், மன்னார்ப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. சண்டை முடிந்தபோது பிள்ளைகளின் படிப்பு வந்தது. அப்புறம் பிரேமினியின் கல்யாணம். அப்புறம் இராமையாவின் முழங்கால். ஒவ்வொரு வருசமும் ஒரு காரணம். ஆனால் அந்தப் பேச்சு மட்டும் வீட்டில் செத்துப்போகவில்லை. டீவியில் கடல் வந்தால் போதும், இராமையா எங்கிருந்தாலும் ஓடிவந்து அவள் கண்ணைப் பொத்துவார். "பாக்காதடி, பாக்காதடி! நேர்ல பாக்கணும்!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். விரலிடுக்கு வழியாக அவள் பார்த்திருக்கிறாள்தான், இல்லையென்று சொன்னால் பொய். ஆனாலும் பார்க்காதவள் மாதிரியே இருந்துகொண்டாள். அந்தக் கையின் மண்வாசனையும் தேயிலைக் கறையும் அவளுக்குக் கடலைவிடப் பெரிதாக இருந்த காலமும் உண்டு.

இரண்டு வருசத்துக்கு முன்னால் கொழுந்தெடுக்கிற பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து வேன் பேசித் திருகோணமலை போனார்கள். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, கோட்டை, கடல். பேச்சியம்மாவுக்கும் ஜன்னலோரம் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தாள் வீரய்யாவின் பெண்டாட்டி அழகம்மா. போகிற அன்று விடியற்காலையில் இராமையா போர்வையை விலக்காமலே கேட்டார். "நீ மட்டும் பாத்துட்டு வந்துட்டா நான் யாரு கூடப் போயிப் பாக்குறது?" அவ்வளவுதான். பேச்சியம்மா கட்டியிருந்த புதுச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். திரும்பி வந்த பொம்பளைகள் ஒரு வாரம் கடலைப் பற்றியே பேசினார்கள். அவள் எழுந்து எழுந்து போனாள்.

அப்படி அடைகாத்து வைத்த கடல் அது. இன்றைக்கு அதை நினைத்துத்தான் அவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தோராம் நாள் காரியம் கழித்துப் போகலாம். சாம்பல் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு வேனில் ஜன்னலோரம். அவர் சொன்னபடியே ரெண்டு பேரும் சேர்ந்து.

பத்து மணிக்குப் பேனர் வந்தது.

இப்போதெல்லாம் பேனர் இல்லாமல் ஒரு சாவும் நடப்பதில்லை. நோர்வூட் கடையில் சொன்னால், செத்தவரின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து, பின்னால் வெள்ளை மேகத்தையும் இரண்டு புறாவையும் போட்டு, 'கண்ணீர் அஞ்சலி' என்று அடித்துக் கொடுத்துவிடுவார்கள். படம் கேட்டபோது திலக்ஷன் போனில் இருந்ததிலேயே தெளிவான ஒன்றை அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டான். அழுத கண்ணோடு அனுப்பின படம். கடைக்காரருக்கும் அவசரம். பின்னால் இருந்தது பார்க்க அழகாக இருந்ததால் மேகமும் புறாவும் வேண்டாமென்று அப்படியே அடித்துவிட்டார். ஆறடி அகலம். அதைக் கொண்டுவந்து பீலிக்கும் கொய்யா மரத்துக்கும் நடுவே இழுத்துக் கட்டினார்கள்.

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவர வேண்டும். பொம்பளைகள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, பேச்சியம்மா குடத்தோடு பீலிக்கு நடந்தாள். பேனரைப் பார்த்ததும் நின்றாள்.

இராமையா முழங்கால் அளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சும்மா புன்சிரிப்பு இல்லை. முன்பல் இரண்டு போனதிலிருந்து கையால் வாயை மறைத்தே சிரிக்கிற மனுஷன், வாயை அகலத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். மடித்துக் கட்டிய வேட்டி. போன தீபாவளிக்குப் பிரேமினி எடுத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டை. பின்னால் துருப்பிடித்த தூண்களோடு ஒரு பழைய பாலம் உடைந்து நின்றது. அதற்கும் பின்னால், பேனரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், நீலம்.

"இது என்னா எடம்?" என்று கேட்டாள்.

அழகம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வா மதினி, தண்ணி புடிக்கணும்."

"இது என்னா எடம்னு கேட்டேன்."

விறகுக் கட்டோடு மேலேயிருந்து இறங்கி வந்த வீரய்யா பேனரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தலையிலிருந்த கட்டு தானாகவே கீழே இறங்கியது.

"வீரய்யாண்ணே, நீங்க சொல்லுங்க."

"தலமன்னாரு, தங்கச்சி."

"எப்ப?"

வீரய்யா சும்மாடுத் துணியை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். வியர்வையே இல்லாத முகம்.

"போன மாசியில."

"மாசியில நீங்க ரெண்டு பேரும் பொல்பிட்டியவுக்குத் தண்ணிக் காண் வெட்டுற வேலைக்குல்ல போனீங்க? மூணு நாளு?"

"பொல்பிட்டியவுக்குப் போவல தங்கச்சி."

அட பாவி மனுஷா! பேச்சியம்மாவுக்கு அந்த மூன்று நாளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. போகும்போது சோறு கட்டிக் கொடுத்தாள். திரும்பி வந்த மனுஷன் கரிச்சட்டி மாதிரிக் கறுத்துப்போயிருந்தார். பிடரியில் தோல் உரிந்து கிடந்தது. "பொல்பிட்டிய வெயிலு இப்பிடியா சுடும்? இந்த வயசுல ஒங்களுக்கு எதுக்குங்க இந்த வேல?" என்று திட்டிக்கொண்டே நான்கு இரவும் தேங்காய் எண்ணெய் சூடுகாட்டித் தடவிவிட்டவள் அவள். உரிந்த தோலை நகம் படாமல் எடுத்துப் போட்டவள் அவள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த கருவாட்டைக் கூட, பொல்பிட்டியச் சந்தையில் இவ்வளவு நல்ல கருவாடா என்று மெச்சி மெச்சிக் குழம்பு வைத்தாள். அவர் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

"எத்தன பேரு போனீங்க?"

"ஒம்பது பேரு. சும்மா... பழைய கவ்வாத்து ஆளுங்க சேந்து ஒரு ட்ரிப்பு."

"ஒங்க வீட்டுல தெரியுமா?"

வீரய்யா அழகம்மாவின் பக்கம் பார்த்தார். பேச்சியம்மா திரும்பி, தன் கையைப் பிடித்திருந்த அழகம்மாவைப் பார்த்தாள். நேற்றிலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதவள். தினமும் ஒரே நிரையில் நின்று கொழுந்தெடுத்தவள். அழகம்மாவின் கை மெதுவாக விலகியது.

"இராமையா அண்ணந்தான் சொல்லவேணாம்னு சத்தியம் வாங்கிக்கிச்சு மதினி."

"அப்ப மத்த எட்டு வீட்டுக்கும் தெரியும். எட்டுப் பொம்பளைங்களும் எம் மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் இத்தன மாசம் கொழுந்தெடுத்துருக்கீங்க." அவள் குரல் உயரவில்லை. "நல்லா என் காதுல பூவச் சுத்திட்டீங்கடி."

திலக்ஷன் ஓடிவந்தான். அவனுக்கு அப்போதுதான் தான் என்ன படத்தை அனுப்பினோம் என்பது உறைத்தது. "அய்யோ அம்மா" என்று தலையில் கைவைத்தான்.

"ஒனக்கு எப்பிடிய்யா கெடச்சுச்சு இந்தப் படம்?"

"அப்பாதான் அனுப்புனாரு. வீரய்யா மாமாட போன்லேருந்து."

"அம்மாவுக்குக் காட்டாதன்னாரா?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான். ஆக, தூரத்தில் கொழும்பில் இருக்கிற மகனுக்கும் தெரியும். ஒரே போர்வைக்குள் படுத்தவளுக்குத்தான் தெரியாது.

"மத்ததையும் காட்டு."

"வேணாம்மா."

"காட்டுய்யா."

பீலியில் குடம் நிரம்பி வழிந்தது. அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். மன்னார்க் கோட்டைச் சுவரின் மேல் ஒன்பது பேரும் வரிசையாக உட்கார்ந்து காலை ஆட்டுகிறார்கள். யானை மாதிரிப் பருத்த பெருக்கமரத்தைச் சுற்றிக் கைகோத்து நிற்கிறார்கள், இன்னும் நாலு பேர் இருந்தாலும் அணைக்க முடியாத மரம். திருக்கேதீச்சரக் கோயில் வாசலில் இராமையா திருநீறு பூசி நிற்கிறார். தெருவில் திரிகிற கழுதையின் முதுகில் வீரய்யா ஏறப் பார்க்கிறார். கப்பலுக்கு வழிகாட்டுகிற வெள்ளை வெளிச்சவீடு. அப்புறம் கடல், கடல், கடல். எல்லாவற்றிலும் அவர் சிரிக்கிறார். ஒரு படத்திலாவது அந்த முகத்தில் ஒரு வாட்டம், ஒரு குற்றமுள்ள பார்வை இருக்கிறதா என்று அவள் தேடினாள். ஒன்றிலும் இல்லை.

"கடலப் பாத்துட்டு என்னா சொன்னாரு?" என்று வீரய்யாவிடம் கேட்டாள்.

"ஒண்ணுஞ் சொல்லல தங்கச்சி. எறங்குனவன் ரெண்டு மணி நேரம் தண்ணிய விட்டு வரவேயில்ல. சின்னப் புள்ளையாட்டம் ஆடுனான்."

"என்னையப் பத்தி?"

வீரய்யா சும்மாடுத் துணியை முறுக்கினார். "ஒன்னையும் ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வரணும்னு..."

"பொய் சொல்லாதீங்கண்ணே. பொணம் உள்ள கெடக்கு."

அவர் தலையைத் தொங்கப்போட்டார். "பஸ்ஸுல திரும்பி வரும்போதுதான் சொன்னான்" என்றார். "பேச்சிக்குத் தெரிஞ்சா என்னையக் கொன்னுபுடுவாடா, யாரும் வாயத் தொறக்காதீங்கன்னு. அவ்வளவுதான். அதுக்கும் எல்லாரும் சிரிச்சோம்."

பேச்சியம்மா குடத்தைத் தூக்கினாள். மற்றவர்கள் வாங்க வந்த கையைத் தட்டிவிட்டு, ஒரு சொட்டுச் சிந்தாமல் வாசல் வரைக்கும் கொண்டுபோய் வைத்தாள். பழனியாண்டி அங்கே வெற்றிலையோடு நின்றார்.

"மாமா, நீங்க சொன்னபடியே செஞ்சிருங்க. பொதைச்சிருங்க."

"என்னம்மா இது! வெறகெல்லாம் எடுத்து வந்தாச்சு. காலையில அந்தக் குதி குதிச்ச?"

"அவரு கடலப் பாத்துட்டாரு மாமா. இன்னொரு தடவ எதுக்கு?"

பிரேமினி ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, கோவத்துல பேசாதம்மா. அப்பா செத்துட்டாரும்மா. மன்னிச்சிரும்மா."

"நான் கோவமா ஒண்ணும் சொல்லலயே. எல்லாரும் படுத்துருக்குற எடத்துல படுக்கட்டும்." அப்புறம் விறகுக் கட்டருகே கல்லாக நின்ற வீரய்யாவின் பக்கம் திரும்பினாள். "குழிய நீங்க வெட்டுங்கண்ணே. ஆழமா வெட்டுங்க."

வீரய்யா சம்பளக்காரன் மாதிரி மறுபேச்சில்லாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பர் மலைக்குப் போனார். மலைநாட்டு மண், தோண்டத் தோண்டக் கல். மழையும் தூறத் தொடங்கியது. அந்த ட்ரிப்புக்குப் போன மற்ற ஏழு பேரும், யாரும் சொல்லாமலே, அவர் பின்னால் போனார்கள்.

குளிப்பாட்டும்போது சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தலையில் எண்ணெய் வைத்தார்கள். கடைசியில் பேச்சியம்மா. உச்சந்தலையில் மூன்று தரம் விரலால் தொட்டு வைத்தாள். பழக்கத்தில் கை பிடரிக்கு இறங்கியது. பாதி வழியில் நின்றது. எண்ணெய்க் கையைச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வாய்க்கரிசி போடும்போதும் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பார்த்தவர்கள் அதிர்ச்சியில் இருக்கிறாள் என்றார்கள். அழகம்மா மட்டும் மூலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தப்பு மேளச் சத்தம் தேயிலைக்குள் வளைந்து வளைந்து மேலே ஏறியது. பொம்பளைகள் லயத்தின் எல்லை வரைக்கும் போய் நின்றுவிட்டுத் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். அப்புறம் பீலியில் குளிக்க வேண்டும், அதுதான் வழக்கம். முதலில் பேச்சியம்மாவை உட்காரவைத்து ஊற்றினார்கள். பனி மாதிரித் தண்ணீர். அவள் நடுங்கவில்லை. ஒவ்வொருவராகக் குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வீட்டைப் பார்த்து ஓடினார்கள். பேனரின் பக்கம் ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை.

மழை நின்று மேலே மலையில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. தப்புச் சத்தமும் நின்றிருந்தது. குழிக்குள் இறக்கியிருப்பார்கள்.

பேச்சியம்மா பேனரின் முன்னால் போய் நின்றாள். தண்ணீர் வழிந்த பிளாஸ்டிக்கில் அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார், அந்தப் பல்லில்லாத வாயோடு. அவள் வலது கையை நீட்டி அவர் முகத்தைப் பொத்தினாள். ஒரு கை போதவில்லை. இடது கையையும் எடுத்துச் சட்டையின் மேல் வைத்தாள். இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தோளைச் சாய்த்து அதையும் மறைத்துக்கொண்டாள்.

இப்போது பாலம் மட்டும் இருந்தது. பாலத்துக்குப் பின்னால் நீலம் இருந்தது.

"அம்மா, குளுருது, வாம்மா" என்று வாசலிலிருந்து பிரேமினி கூப்பிட்டாள்.

"இரு" என்றாள் பேச்சியம்மா. "பாத்துட்டு வாறேன்."